பாத்ரூம் வினைல் தரை உரியுதா? எங்க தூக்குதுன்னு பாத்து சரி பண்ற வழி

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்டச் சுத்தி இருக்கற தோட்டத்து வீடா இருந்தாலும் சரி, டவுனுக்குள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடா இருந்தாலும் சரி, பாத்ரூம்ல வினைல் ஒட்டினவங்ககிட்ட இருந்து வர்ற கம்ப்ளெயின்ட் ஒண்ணுதான், தீபாவளிக்கு ஒட்டினேன் பொங்கலுக்குள்ள தூக்கிடுச்சுன்னு. தூக்கத்தான் செய்யும். அக்டோபர், நவம்பர் நம்ம மேற்குக் கரைப் பக்கம் சாயங்காலமானா மழை கொட்டற மாசம், தரை காயவே காயாது, அந்த ஈரத்து மேல போய் ஒட்டிட்டு கம்ம (ஒட்டற பசைய) திட்டறோம். "தம்பி, எந்த கம் நல்லா ஒட்டும்"னு அக்காமாருங்க கேப்பாங்க, நான் திருப்பிக் கேக்கறது "தண்ணி எங்கேருந்து வருதுக்கா"ன்னுதான். அது தெரியாம கம் வாங்கினா அந்தக் காசு தண்டம்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி: பின்பக்கத்தப் பாருங்க

தூக்கியிருக்கற மூலைய விரலால மெதுவா மடக்கி, போன் லைட்ட அடிச்சு அடிப்பக்கத்தப் பாருங்க. பாதி பதில் அங்கயே இருக்கும்.

கம் வினைலோட வந்துடுச்சு, அதுல சிமெண்டுத் தூள் மாவு மாதிரி ஒட்டியிருக்குன்னா தரையில தூசி இருந்திருக்கு, இல்ல மேல் சிமெண்டு பொடியுது. கம் மொத்தமும் தரையிலயே தங்கிடுச்சு, வினைல் பின்பக்கம் வழவழன்னு சுத்தமா இருக்குன்னா அந்த வினைலுக்கு அந்த கம் ஒத்துவரல. கம் பால் மாதிரி வெள்ளையா மாறி தொட்டா வழுக்குதுன்னா ஈரம்தான் காரணம், வேற யோசிக்கவே வேணாம். தண்ணியில கரையற அக்ரிலிக் கம் ஈரம் பட்டுக்கிட்டே இருந்தா திரும்ப இளகி இப்படித்தான் ஆகும்.

உங்க வீட்ல போட்டிருக்கறது எதுன்னும் பாத்துக்கங்க. பின்னாடி பேப்பர உரிச்சு ஒட்டற ஸ்டிக்கர் டைலா, பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) மீட்டர் கணக்குல வெட்டித் தர்ற ரோலா (அதான் நம்மாளுங்க திக்கார் கெத்தான்னு சொல்றது), இல்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டற கிளிக் பலகையா. ஸ்டிக்கர் டைல் எந்நேரமும் தண்ணி ஊத்திக் குளிக்கற இடத்துக்கு ஆகவே ஆகாது, எந்தக் கடைக்காரர் வாட்டர்புரூஃப்னு சொன்னாலும் சரி. டைல் வேணா வாட்டர்புரூஃபா இருக்கலாம், டைலுக்கும் டைலுக்கும் நடுவுல இருக்கற கோடு அப்படி இல்லையே.

ரொம்பப் பழைய வீடுகள்ல 9 இன்ச் சதுரத்துல கெட்டியா, தட்டினா ஒடையற மாதிரி டைலும் அதுக்கடியில தார் மாதிரி கருப்பு கம்மும் இருந்தா சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க, மெஷின் போடாதீங்க. அந்தக் காலத்து டைல்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. முழுசா இருந்தா அப்படியே விட்டுடுங்க, ஒடஞ்சு கெடந்தா இது நம்ம வேலை இல்ல, அதுக்குன்னு இருக்கற ஆளக் கூப்பிடணும்.

ஓரமோ மூலையோ மட்டும் தூக்குது, நடுவுல கெட்டியா இருக்கு

இதுதான் இருக்கறதுலயே சின்ன கேஸ்.

முதல் காரணம் அழுக்கு. சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்ச்ச எண்ணெய் எல்லாம் ஓரத்துல போய்த்தான் தங்கும். வெந்நீர்ல கொஞ்சம் பாத்திரம் கழுவற சோப்பு கலந்து, பழைய டூத் பிரஷ் வெச்சு வினைல் அடியையும் தரையையும் தேய்ங்க, நல்ல தண்ணியில துடைங்க, அப்புறம் ஃபேன் போட்டு காய விடுங்க. எவ்வளவு நேரம்னா ஒரு ராத்திரி முழுக்க, மழை நாள்னா ரெண்டு ராத்திரி. இதுலதான் எல்லாரும் அவசரப்படறாங்க, மேல தொட்டுப் பாத்து காஞ்சுடுச்சுன்னு நெனைக்கிறாங்க, சிமெண்டு உள்ளுக்குள்ள குடிச்ச தண்ணி அப்படியே இருக்கும்.

பழைய கம்ம எடுக்க மண்ணெண்ணெய் போடற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. கம் போயிடும்தான், ஆனா எண்ணெய்ப் பிசுக்கு தங்கிடும், புது கம் அது மேல நிக்காது. போட்டுட்டீங்கன்னா சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவுங்க. தின்னர் வேணாம், வினைல் இளகி சுருங்கிடும்.

காஞ்சதும் ஹேர் டிரையர மிதமான சூட்டுல வெச்சு, ஒரே எடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே அந்த ஓரத்த சூடு பண்ணுங்க. வினைல் மெத்துன்னு ஆகி படியும். படியாம விறைப்பா மேல் நோக்கியே வளைஞ்சு நிக்குதா? அப்ப அந்தத் துண்டு வயசாகி மெதுத்தன்மை போயிடுச்சு, எந்த கம்மும் அத அடக்காது, வெட்டி எடுத்துட்டு வேற துண்டு போடறதுதான் வழி.

படிஞ்சா காண்டாக்ட் கம் போடலாம், ஹார்ட்வேர் கடையில செருப்புக்கு ஒட்டற மஞ்சள் கம்னு கேட்டாலே எடுத்துத் தருவாங்க. ஆனா சாம்பிளுக்கு வினைல் மிச்சத் துண்டுல கொஞ்சம் தடவிப் பாருங்க, சில வினைல் அதுல பொங்கிக்கும். ரெண்டு பக்கமும், அதாவது தரையிலயும் வினைல் அடியிலயும், மெல்லிசா தடவி, விரல் வெச்சா ஒட்டாத அளவுக்கு ஒரு 10, 15 நிமிஷம் விட்டுட்டு அப்புறம் அழுத்துங்க. ஒட்டினதும் நகத்த முடியாது, அதனால கோடு பாத்து வைங்க. தடவின ஈரத்தோடயே ஒட்டினா உள்ள ஆவி மாட்டிக்கிட்டு நாளைக்கு கொப்புளமா வரும். கதவ தெறந்து வைங்க, பக்கத்துல சிகரெட், சாம்பிராணி, அடுப்பு எதுவும் கூடாது, அந்த ஆவி டப்புன்னு பத்திக்கும்.

மேல ஒரு பிளாஸ்டிக் விரிச்சு 10 கிலோ அரிசி மூட்டைய தூக்கி வைங்க. மறுநாள் வரைக்கும் அந்தப் பக்கம் தண்ணி ஊத்தாதீங்க. வீட்ல ஒரு பாத்ரூம்தான்னா அக்கம்பக்கத்துல குளிச்சுக்க வேண்டியதுதான், வேற என்ன பண்றது.

நடுவுல கொப்புளம் மாதிரி உப்பியிருக்கு

விரலால அமுக்கிப் பாருங்க. காத்து மட்டும் இருந்தா டப்டப்னு சத்தம் வரும், அமுக்கினா பக்கத்துக்கு ஓடும். தண்ணி இருந்தா கனமா இருக்கும், அமுக்கினா எங்கயாவது கோட்டுல கசியும். தண்ணின்னா இத விட்டுட்டு அடுத்த தலைப்புக்குப் போங்க.

காத்துதான்னா ஒரு ஊசியாலயோ பிளேடு முனையாலயோ டிசைன் கோட்டு மேலேயே சின்னதா கீறுங்க, வெளிய தெரியாது. ஊசி போடற சிரிஞ்சுல தண்ணியில கரையற அக்ரிலிக் கம்ம (மஞ்சள் கம் இல்ல) எடுத்து உள்ள விட்டு, துணி சுத்தின கட்டையால நடுவுலேர்ந்து கீறல் பக்கமா தள்ளி மிச்சத்த வெளிய எடுங்க, மேல பாரம் வைங்க. வெளிய வந்த கம்ம ஈரத்துணியில உடனே துடைச்சுடணும். ஜன்னல் வழியா வெயில் அடிக்கற எடத்துல மட்டும் கொப்புளம் வருதுன்னா சூட்டுல விரியுது. சுவரோரம் இடைவெளி விடாம இறுக்கி வெட்டியிருப்பாங்க, ஓரத்துல கொஞ்சம் சீவி விட்டா அதுவே படிஞ்சுடும்.

மிதிச்சா சளக் சளக்னு தண்ணி பிதுங்குது

இங்கதான் நேரம் எடுக்கணும். ஒட்டறதப் பத்தி இப்ப நெனைக்கவே கூடாது. மூடி வெச்ச ஈரம் நாறும், பூஞ்சை பிடிக்கும், மேல எவ்வளவு அழகா ஒட்டினாலும் அடியில அது வேலைய பாத்துக்கிட்டே இருக்கும். தண்ணி மேலேருந்து இறங்குதா, தொட்டியிலேருந்து கசியுதா, பைப்லேருந்து வருதா, மண்ணுலேருந்து ஏறுதா, இந்த நாலுல எதுன்னு பிரிக்கணும்.

*மேலேருந்து.* ஃப்ளோர் டிராப்ப, அதான் தரையில தண்ணி வடியற ஓட்டைய, சுத்தி பாருங்க. வினைல வட்டமா வெட்டின எடம்தான் பெரும்பாலும் குற்றவாளி, ஒட்டறவங்க கத்திரியால குத்துமதிப்பா வெட்டிட்டு மூடிய மேல வெச்சு மறைச்சுடுவாங்க. மூடிய எடுத்தா வினைல் விளிம்பு தொங்கிக்கிட்டு இருக்கும், அடியில முடியும் சோப்புக் கூழும் அப்பியிருக்கும். அப்புறம் சுவரும் தரையும் சேர்ற மூலை, அங்க போட்ட சிலிகோன் கருத்து உரிஞ்சிருந்தா அதுவும் வழிதான். ரெண்டு நாள் அந்த பாத்ரூம்ல யாரும் குளிக்காம இருந்தாலே அடி காயுதுன்னா காரணம் மேல் தண்ணிதான், நிம்மதி, செலவு ஒரு டியூப் சிலிகோனோட முடியும். பழச பிளேடால முழுசா உரிச்சு எடுத்துட்டு, காய வெச்சு, புதுசு போடுங்க. பழச எடுக்காம அது மேலயே போட்டா ஒட்டாது. பூஞ்சை பிடிக்காத பாத்ரூம் சிலிகோன்னு கேட்டு வாங்குங்க, 24 மணி நேரம் தண்ணி படாம வைங்க.

*தொட்டியிலேருந்து.* நம்ம பழைய தோட்டத்து வீடுகள்ல இன்னும் சிமெண்டுத் தொட்டி இருக்கும் இல்ல, அதோட காலடியில மட்டும் எப்பவும் வினைல் தூக்குதுன்னா தொட்டி கசியுது. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி நிரப்பி, தண்ணி மட்டத்துல பென்சில் கோடு போடுங்க, பைப்ப இறுக்கி மூடுங்க. காலையில கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா தொட்டிய காலி பண்ணி உள்பக்கம் வாட்டர்புரூஃப் பூச்சு பூசணும். எனக்குக் கேட்டா அந்தத் தொட்டிய ஒடச்சுட்டு பெரிய பிளாஸ்டிக் வாளி ஒண்ணு வெச்சுக்கறதே மேல், ஏடிஸ் கொசுத் தொல்லையும் குறையும், ஆனா பாட்டி இருக்கற வீட்ல இதச் சொல்லிப் பாருங்க தெரியும்.

*பைப்லேருந்து.* வீட்ல எல்லா பைப்பையும் மூடிட்டு வாசல்ல மீட்டரப் பாருங்க. சின்ன சக்கரமோ முள்ளோ சுத்துதா? சுத்தலன்னா நம்பர எழுதி வெச்சுட்டு ராத்திரி யாரும் தண்ணி தொடாம காலையில பாருங்க. நம்பர் ஏறியிருந்தா உள்ள எங்கயோ ஒழுகுது. முதல்ல கண்ணுக்குத் தெரியறது, வாஷ்பேசின் அடி ஹோஸ், டோய்லெட் டேங்குக்குப் போற ஹோஸ், பக்கத்துல தொங்கற கை ஷவர். ஒவ்வொண்ணா டிஷ்யூ பேப்பர சுத்திப் பிடிங்க, கையால தொட்டா தெரியாத கசிவு டிஷ்யூல தெரிஞ்சுடும். வாஷர் மாத்தறது, வெள்ளை டேப் சுத்தறது நீங்களே செய்யலாம். வெளியில எல்லாம் காஞ்சிருக்கு, மீட்டர் மட்டும் ஓடுதுன்னா சுவருக்குள்ளயோ தரைக்குள்ளயோ பைப் போயிருக்கு. அங்க நிறுத்திட்டு பிளம்பரக் கூப்பிடுங்க, மீட்டருக்கு உள்பக்கம் வர்ற பைப் வீட்டுக்காரர் பொறுப்பு. தோட்டத்துக் குவார்ட்டர்ஸ்னா உங்க காச போடறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க, தொழிலாளி வீட்ட பராமரிக்கறது முதலாளி கடமைன்னு 1990ஆம் வருஷத்து 446ஆம் சட்டத்துலயே இருக்கு.

வாட்டர் ஹீட்டர் பக்கம் ஒழுகுதுன்னா டிஷ்யூ வேலையெல்லாம் வேணாம். மெயின் சுவிட்ச இறக்கிட்டு எலெக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

*மண்ணுலேருந்து.* பைப்பும் இல்ல, தொட்டியும் இல்ல, ரெண்டு நாள் குளிக்காம விட்டும் காயல, மழை பெஞ்சா அதிகமாகுது. தரைவீடுன்னா இது அடி ஈரம். பழைய வீடுகள் நெறைய எடத்துல சிமெண்டு தரைக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமலே போட்டிருக்காங்க, ஈரம் நேரா மேல வரும். அடுத்த தலைப்ப பாருங்க.

அடியில வெள்ளைப் பொடி, இல்ல கருப்பா கறை

வெள்ளைப் பொடி உப்பு பூத்தது. மண்ணு ஈரம் சிமெண்டுல இருக்கற உப்ப கரைச்சு மேல கொண்டாந்து விட்டுட்டு ஆவியாப் போகுது. டெஸ்ட் சுலபம்: ஒன்றரை அடி சதுரத்துக்கு தடிமனான பிளாஸ்டிக், நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாம காஞ்ச தரையில ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்க. பிரிச்சா பிளாஸ்டிக் அடியில முத்து முத்தா தண்ணியோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்தோ இருந்தா ஈரம் கீழேருந்து வருது.

இப்படி வந்தா வினைல மறந்துடுங்க. பொடிய காஞ்ச பிரஷால தேய்ச்சு எடுத்துட்டு, ஈரம் தடுக்கற பூச்சு பூசிட்டு ஒட்டலாம்னு சொல்லுவாங்க, நல்லா செஞ்சா கொஞ்ச காலம் நிக்கும். ஆனா நல்லா செய்யற செலவுக்கு சாதாரண செராமிக் டைலே போட்டுடலாம், அது ஈரத்துக்கு அசையாது. வெளிய போய் பாருங்க, பாத்ரூம் சுவரோரம் மழைத்தண்ணி தேங்குதா, வாய்க்கால் அடச்சிருக்கா. சில வீட்ல வாய்க்கால்ல கெடக்கற செம்பனை மட்டைய வாரிப் போட்டதுமே உள்ள பாதி ஈரம் நின்னுடும், காசே செலவில்ல.

கருப்புக் கறை பூஞ்சை. குளோராக்ஸ (ப்ளீச்) தண்ணி கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு கழுவலாம், கதவ தெறந்து வெச்சுட்டு. ஆனா ஒண்ணு, டைல் கழுவற ஆசிட்டோட குளோராக்ஸ சேர்க்கவே கூடாது, ஒண்ண ஊத்திட்டு கழுவாம அது மேல இன்னொண்ணும் கூடாது, விஷ வாயு கிளம்பும், பூட்டின பாத்ரூம்ல ஆளக் கவுத்துடும். மேல் பக்கத்துல கால்மிதி வெச்ச எடத்துல மட்டும் மஞ்சளா பழுப்பா கறை இருக்குன்னா அது பூஞ்சை இல்ல, ரப்பர் அடி கால்மிதி வினைலோட சேர்ந்து விட்ட கறை. போகாது. துணி கால்மிதி போட்டு மறைச்சுக்குங்க.

டோய்லெட்ட சுத்தி மட்டும் உரியுது

டேங்குல ஒரு சிட்டிகை கேசரி கலர போட்டு ஃப்ளஷ் பண்ணுங்க. கொஞ்ச நேரத்துல வினைல் ஓரத்துல கலர் தெரிஞ்சா பவுலுக்கு அடியில, கழிவுப் பைப்போட சேர்ற எடத்துல கசியுது. தெரியலன்னா கை ஷவர் தண்ணிதான் பவுல சுத்தி வழிஞ்சு உள்ள போகுது, அதுக்கு காய வெச்சு சிலிகோன் ஒரு சுத்து போதும். கலர் வந்தும் மேல சிலிகோன் போட்டு மூடுனீங்கன்னா கழிவுத்தண்ணி உள்ளயே தங்கும், சொல்லவே வேணாம் நாத்தத்த. நம்ம ஊர்ல பவுல வெள்ளை சிமெண்டு வெச்சு உக்கார வெச்சிருப்பாங்க, அத கழட்டறப்போ பவுல் விரிசல் விடறது சகஜம், ஆள வெச்சே செய்யுங்க.

கோட்டுக்கு கோடு விரியுது

வினைல் சுருங்கியிருக்கு. வாங்கின அன்னிக்கே பெட்டிய பிரிச்சு ஒட்டினா இப்படி ஆகும், ஒரு நாளாவது அந்த ரூம்லயே வெச்சுட்டு ஒட்டணும். மயிரிழை அளவுன்னா அதே கலர்ல சிலிகோன தேய்ச்சு துடைச்சு விடலாம். அதுக்கு மேலன்னா அந்த வரிசைய எடுத்து திரும்ப ஒட்டணும்.

கிளிக் பலகையில கோட்டோரம் உப்பிக்கிட்டு மரத்தூள் மாதிரி உதிருதா? அது வினைலே இல்ல, வினைல்னு சொல்லி வித்த லாமினேட். பாத்ரூம்லேருந்து எடுத்துடுங்க.

மிதிச்சா தரையே அமுங்குது

பலகைத் தரை வீடு, இல்ல மாடி. வினைல கொஞ்சம் விலக்கி ஸ்குரூ டிரைவர் முனையால பலகையக் குத்துங்க. சுலபமா உள்ள இறங்குதுன்னா மக்கிடுச்சு, இல்ல கரையான். மண் குழாய் மாதிரி கோடு தெரிஞ்சா கரையானேதான். பலகைய மாத்தாம மேல எதையும் ஒட்டாதீங்க, வாளி நெறைய தண்ணியோட நிக்கற எடம் அது. பலகை மாத்த ஆசாரி, கரையானுக்கு மருந்து அடிக்கற ஆள்.

ஃப்ளாட்னா கீழ் வீட்டு சீலிங்லயும் கறை வந்திருக்கான்னு போய்க் கேளுங்க, அவங்களா சண்டைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஸ்டிராட்டா கட்டடங்களுக்கான (ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆள் பேர்ல இருக்கற அடுக்குமாடி) 2015ஆம் வருஷத்து விதிப்படி, வேற காரணம்னு நிரூபிக்கற வரைக்கும் கசிவு மேல் வீட்டுதுன்னுதான் எடுத்துக்குவாங்க.

எல்லாமே ஒரே நேரத்துல உரிஞ்சு வருது

பாதிக்கு மேல தூக்கிடுச்சுன்னா துண்டு துண்டா ஒட்டிக்கிட்டு இருக்காதீங்க, முழுசா எடுங்க. ஹேர் டிரையர் சூட்டுல உரிச்சா கம்மோட சேந்து வரும், மிச்சத்த வெந்நீர் ஊத்தி ஊற வெச்சு ஸ்கிரேப்பரால சுரண்டுங்க. அப்புறம் தரைய வெறுமனே விடுங்க, மழை இல்லாத வாரமா பாத்து. ஜனவரி பிப்ரவரியோ ஜூன் ஜூலையோ இதுக்குத் தோது. பிளாஸ்டிக் டெஸ்ட்ல தேறினா மட்டும் வினைல், அதுவும் குளிக்கற பக்கம் விட்டு வாஷ்பேசின் பக்கம் மட்டும். குளிக்கற பக்கத்துக்கு சொரசொரப்பான டைல்தான்.

டைலுக்கு காண்ட்ராக்டர கூப்பிட்டீங்கன்னா வாட்டர்புரூஃபிங் பூசறாரான்னு முதல்லயே பேசிக்கங்க, கொட்டேஷன்ல அது தனி வரியா இருக்கணும், "எல்லாம் சேத்துதான் அண்ணே"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. பூசி காஞ்சதும் டைல் ஒட்டறதுக்கு முன்னாடி ஃப்ளோர் டிராப்ப அடச்சு தண்ணிய தேக்கி 24 மணி நேரம் விடச் சொல்லுங்க, தண்ணி மட்டத்துல பென்சில் கோடு போட்டு போன்ல படம் எடுத்துக்கங்க. மட்டம் நின்னாத்தான் அடுத்த பேமென்ட்.